சித்திரை மாதத்துக் குற்றாலம்

குற்றாலத்துக்கு யாராவது சித்திரை மாதத்தில் போவார்களா? நாங்கள் போனோம். போனது என்னால்தான்.

ஐம்பதுகளின் கடைசியில், மலாயாவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு கூட்டமாகக் கப்பலேறி, கல்விச் சுற்றுலா என்று இந்தியாவுக்கு வந்திருந்தோம். எங்களை மேய்க்க ஓர் ஆங்கிலேய விரிவுரையாளர் அம்மாள். சீனப் பெண்கள் உண்டு, மலாய்ப் பெண்கள் உண்டு. தமிழச்சி நான் ஒருத்திதான். அதனால் நாகப்பட்டினத்தில் இறங்கியதிலிருந்து, தமிழ்நாடு முழுக்க எங்கள் பாட்டன் சொத்து என்பதுபோல் எல்லாரும் என்னையே கேள்வி கேட்டார்கள். இந்தக் கோபுரம் ஏன் இவ்வளவு உயரம்? இந்த மனிதர் ஏன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்? இந்த வெயில் எப்போது குறையும்?

வெயில் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊர் வெயில் மத்தியானம் வரை காய்ந்துவிட்டு, சாயந்தரம் ஒரு மழையில் அடங்கிப் போகும். இந்த வெயிலுக்கு அடங்குகிற பழக்கமே கிடையாது. தஞ்சாவூரில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மதுரையில் இரண்டு பேர் விடுதியை விட்டு வெளியே வர மாட்டோம் என்று படுத்துவிட்டார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். தென்காசிப் பக்கம் குற்றாலம் என்று ஒரு இடம் இருக்கிறது, மலையிலிருந்து அருவி கொட்டும், காற்றிலேயே தண்ணீர் மிதக்கும், குடை பிடிக்காமல் தெருவில் நடந்தாலே நனைந்துவிடலாம் என்றேன். அது என் அப்பாவின் ஊர்ப் பக்கம் என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். விரிவுரையாளர் அம்மாள் கொடைக்கானல் போவதாக இருந்த திட்டத்தை அடித்துவிட்டுக் குற்றாலம் என்று எழுதினார். கொடைக்கானலை விட்டுக்கொடுத்துத்தான் வந்தார்கள் என்பதைப் பிறகு யாரும் என்னை மறக்க விடவில்லை.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்பா சொன்னதைத்தான் சொன்னேன். ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த அப்பா ஊரைப் பற்றிப் பேசினால் சாரலைப் பற்றித்தான் பேசுவார். அது எந்த மாதத்துச் சாரல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் மனதில் அந்த ஊரில் காலண்டரே கிடையாது, வருஷம் முழுக்க ஆடி மாதம்தான்.

ஆனால் அருவிக்காக மட்டும் நான் அந்த ஊர்ப் பெயரை இழுக்கவில்லை. கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்லியிருந்தார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலத்தூரில் அவருடைய அக்கா இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அப்பாவை வளர்த்தவள் அவள்தான். அப்பா ஆலங்குளத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்ணான என் அம்மாவைக் கட்டிக்கொண்டதால் உறவு அறுந்து போயிற்று. அப்பாவும் அம்மாவும் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு வரி கிடையாது. அம்மா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் இறந்து போனாள். நான் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெறும் காலமும் நெருங்க, ஊர் நினைப்பு பிடித்துக்கொண்டது.

"அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. நான் ஒரு தடவ வந்து போலாமான்னு கேளு. சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். வேற எதையும் கிளறாத," என்றார்.

அவ்வளவுதான் செய்தி. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தென்காசியில் இறங்கியதுமே என் மானம் போக ஆரம்பித்தது. கோயில் கோபுரம் அந்தக் காலத்தில் நடுவே பிளந்து மொட்டையாக நின்றது. "இதுதான் உன் அப்பா சொன்ன கோபுரமா? மேல் பாதி எங்கே?" என்று என் அறைத்தோழி, ஒரு சீனப் பெண், கேட்டாள். நல்ல பெண்தான். ஆனால் கேட்கக் கூடாததைக் கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கல்தரை அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினதுபோல் இருந்தது. நாங்கள் எல்லாரும் நிழலுக்கு நிழல் தாவி ஓடினோம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். விரிவுரையாளர் அம்மாள் மட்டும் ஓடவில்லை. ஓடினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, முகம் செக்கச் செவேலென்று ஆக, மெல்ல நடந்தே வந்தார். மறுநாள் அவர் பாதத்தில் கொப்புளம்.

கொடிமரத்துக்கு அப்பால் மற்ற மதத்தார் போகக் கூடாது என்று ஒருவர் எங்களைத் தடுத்தார். என்னைத் தனியாக ஒரு தரம் பார்த்தார். கவுன் போட்டிருந்தேன், தலைமுடி தோள் அளவுக்கு வெட்டியிருந்தது, நெற்றியில் பொட்டு இல்லை, நிறம் மட்டும் அந்த ஊர் நிறம்.

"நீங்க?" என்றார்.

அப்பாவுக்காக உள்ளே போகலாம், அம்மாவுக்காக வெளியே நிற்க வேண்டும். நான் தோழிகளோடு நின்றுகொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சொந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவள், சீனப் பெண்களோடும் மலாய்ப் பெண்களோடும் கொடிமரத்தடியில் வெந்துகொண்டு நின்றேன்.

குற்றாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும். பெண்கள் எல்லாரும் கவுனுக்குள்ளே நீச்சல் உடை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். துண்டு, சோப்பு, எண்ணெய்ப் புட்டி எல்லாம் கையில். வண்டியிலிருந்து குதித்து ஓடினோம். அங்கே பாறை இருந்தது. நல்ல உயரமான பாறை. அதன் மேல் தண்ணீர் விழுந்த தடம் கறுப்பாக இருந்தது. ஒரு மூலையில் நூலாக ஏதோ கசிந்தது, அதையும் ஒரு குரங்கு நக்கிக்கொண்டிருந்தது. கடைகளில் பாதிக்கு மேல் தட்டி கட்டி மூடியிருந்தன. திறந்திருந்த ஒரே டீக்கடைக்காரர் எங்களை வேடிக்கை பார்த்தார்.

"அருவி எங்கே?" என்று நான் அவரிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டேன்.

"இதாம்மா அருவி," என்றார் அவர். "சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குல்லா. இப்பம் வந்தா பாறையத்தான் பாக்கணும். எந்த ஊருலேர்ந்து வாரிய?"

மலாயாவிலிருந்து என்றேன்.

"அம்புட்டுத் தூரத்துலேர்ந்தா! வாரதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா? குத்தாலத்துல யாருட்ட கேட்டாலும் சொல்லியிருப்பாவளே."

ஐந்தருவியிலாவது தண்ணீர் இருக்குமோ என்று அங்கேயும் போனோம். அங்கே ஒரு கறைக்குப் பதில் ஐந்து கறை இருந்தது. விரிவுரையாளர் அம்மாள் பெருந்தன்மையாக, பாறை அமைப்பே பார்க்கத் தகுந்ததுதான் என்று சொல்லி, அதைப் பற்றி எங்களுக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்தார். நீச்சல் உடைக்குள் வியர்வை வழிய வழிய நின்று கேட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனம் ஆறியிருப்பேன். எல்லாரும் நல்லபடியாக நடந்துகொண்டதுதான் என்னைக் கொன்றது.

அன்று பிற்பகல் இலத்தூருக்குப் புறப்பட்டேன். தனியாக அனுப்ப மாட்டேன் என்று விரிவுரையாளர் அம்மாள் கூட வந்தார். அறைத்தோழியும் ஒட்டிக்கொண்டாள். ஒரு குதிரை வண்டியில் மூன்று பேரும் குலுங்கிக்கொண்டு போனோம். ஊர்க் குளம் வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. வழி நெடுக, அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று தோழி சொல்லிக்கொண்டே வந்தாள். சீனக் குடும்பங்களில் அப்படித்தானாம். எனக்கோ, வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதே நினைப்பு.

அத்தை உயரமாக இருந்தாள். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த புருஷன் நடுவயதிலேயே போய்விட, அதே பிறந்த வீட்டில் இருந்துகொண்டு, வயல் வேலையைத் தானே நின்று பார்த்து வந்தவள். நகை ஒன்றும் கிடையாது. பிள்ளையும் கிடையாது. நான் வாசலில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மகள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். கவுனுக்குக் கீழே தெரிந்த முழங்கால்களை மறைக்க எனக்குக் கை போதவில்லை.

"வாங்க," என்றாள். "உள்ள வாங்க."

அந்த 'வாங்க' என்னைச் சுட்டது. அப்பா உற்சாகமாக இருக்கும்போது என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவார். எங்கள் ஊரில் சொந்தப் பெண்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம், மரியாதையெல்லாம் அந்நியருக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அத்தை எனக்கு மரியாதை கொடுத்தாள்.

பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், பாய் விரித்து உட்கார வைத்தாள். துரைசாணிக்கு மட்டும் நாற்காலி. நுங்கு வந்தது, பதநீர் வந்தது. விசிறி வந்தது. உபசாரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, வெள்ளைக்காரியைப் பார்க்க வந்தவள், நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை எல்லாரையும் கவனித்தாள், என் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை. செத்தவளைப் பற்றிக் கூட ஒரு சொல் விசாரிக்க மனம் வரவில்லையே என்று எனக்குள் கோபம் ஏறிற்று. தோழி என் காதில், "இவர் நிஜமாகவே உன் அத்தைதானா?" என்றாள். வெட்கத்தில் நுங்கைக் கீழே வைத்துவிட்டேன்.

பேச்சில்லாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? அத்தைக்கும் பொறுக்கவில்லை போலும். அந்தப் பக்கத்தில் வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் எல்லாரும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள்.

"குத்தாலத்துல குளிச்சியளா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். நான் யோசித்தேன். யோசித்ததுதான் வினை. 'குளிக்கவில்லை' என்றால், குளிக்காமல் அழுக்காக வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாளோ? அப்பா அருவியைப் பற்றிப் பேசும்போது 'முழுகி எந்திரிச்சா' என்றுதான் சொல்வார். அது நல்ல தமிழாக, உள்ளூர்த் தமிழாக எனக்குப் பட்டது. அப்பாவின் மகள் என்று காட்டிக்கொள்ளவும் ஒரு வாய்ப்பு. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"இல்லை அத்தை. நான் முழுகாமல் இருக்கிறேன்."

தமிழ்ப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியாது. அம்மா இல்லாமல், கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்தவள். என்னுடைய தமிழ் முழுக்க அப்பாவிடமிருந்து வந்தது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தமிழை அவர் எங்கிருந்து எனக்குக் கற்றுக் கொடுப்பார்? மாதாமாதம் தலைமுழுகுகிறவள் முழுகாமல் இருந்தால் அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று பொருள். கல்யாணமாகாத பெண், கவுனும் வெட்டிய தலைமுடியுமாக, முதல்முறை வந்த வீட்டில், நடையில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்க, அதைச் சொல்லிவிட்டுப் புன்னகையும் செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அத்தை திரும்பித் துரைசாணியைப் பார்த்தாள். ஏதோ உபசாரம் சொல்கிறார்கள் என்று நினைத்து, அந்த அம்மாள் நாற்காலியிலிருந்தபடி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

அத்தை எழுந்தாள். "வெயில்ல புள்ளைக்கு மயக்கமா வருதாம், வாய்க்கு வந்ததச் சொல்லுதா," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். "நீ போயி ஒங்க மரத்துல ரெண்டு எலுமிச்சம்பழம் பறிச்சிட்டு வா." அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய் நெல் வைக்கிற உள்ளறையில் நிறுத்தி, கதவைச் சாத்தினாள்.

"எத்தன மாசம்?" என்றாள்.

சீசனைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ரெண்டு மாசம் அத்தை."

"யாருட்டி சொன்னா? டாக்டரா?"

டாக்டர் ஏன் சொல்ல வேண்டும்? "டீக்கடைக்காரர் சொன்னார்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "டீக்கடைக்காரனுக்குமா தெரியும்?"

"குற்றாலத்தில் எல்லாருக்கும் தெரியுமாம் அத்தை. எனக்குத்தான் தெரியாமல் போச்சு."

இதைச் சொல்லும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் 'யாருட்டி' என்றுவிட்டாளே! மரியாதை போய்விட்டது, நான் வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன் என்று உள்ளே குளிர்ந்துபோய் நின்றேன். அப்பாவின் கேள்வியைக் கேட்க இதுதான் நேரம் என்றுகூட எண்ணினேன்.

அத்தை நெல்மூட்டை மேல் உட்கார்ந்தாள். என் கையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் சொல்லுததக் கேளு. நீ அந்தத் தொரசாணிகூடப் போவாண்டாம். கப்பல் ஏறாண்டாம். இங்கன இரி. ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டும், நான் பாத்துக்கிடுதேன். புள்ளையப் பெத்து எங்கையில குடு. நான் வளக்கேன். ஒங்கப்பன வளத்த கைதான இது."

புள்ளையா? எந்தப் பிள்ளை? அப்போதுதான் எனக்கு மெல்ல மெல்ல உறைக்கத் தொடங்கிற்று. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தீப்பிடித்தது. இல்லை அத்தை, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்பதுபோல் வேகமாகப் பேசினாள்.

"ஒங்கம்மாவும் இப்படித்தான் வந்து நின்னா. ஒத்தையில, ஆலங்குளத்துலேர்ந்து. அவன் அப்பம் வேல தேடி மெட்ராஸ் போயிருந்தான். கல்யாணம்னு ஒண்ணு ஆகல. 'மைனி, நான் முழுகாம இருக்கேன், அவ்வொ வாரவரைக்கும் இங்கன இருந்துக்கிடுதேன்'ன்னா. உச்சிவெயில். காலுல செருப்பு கெடையாது. நான் உள்ள வான்னு சொல்லல. ஒரு செம்புத் தண்ணி குடுக்கல. கதவச் சாத்திட்டேன். அந்தால கொஞ்ச நேரம் கதவு மேல கை வச்சுக்கிட்டே நின்னா. எனக்கு வளவிச் சத்தம் கேட்டுச்சு. பெறவு போயிட்டா. இந்த வயித்துல ஒண்ணு தங்காமப் போனதுக்கு அதான் காரணம்னு நான் நெனைக்காத நாளு கெடையாது. இன்னொரு வாட்டி சாத்த மாட்டேன்டி."

நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. எனக்கு மூத்தது என்று ஒன்று கிடையாது. அம்மா கதவில் கை வைத்து நின்றபோது அவள் வயிற்றில் இருந்தது நான்தான். மதம் ஒத்துவரவில்லை, அதனால் போய்விட்டோம் என்று அப்பா சொன்ன கதையில் இது கிடையாது. எதையும் கிளறாதே என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் ஆபத்தைப் பார்த்துப் பதறித் தன் நெஞ்சைத் திறந்திருக்கிறாள். எனக்கோ ஆபத்து எதுவும் இல்லை. பொய் சொல்லித் திருடியதுபோல் கூசிப்போனேன்.

"அத்தை," என்றேன். "அருவியில் தண்ணீர் இல்லை."

அவள் விழித்தாள்.

"அதைத்தான் சொன்னேன். அருவியில் தண்ணீர் இல்லை, அதனால் நாங்கள் யாரும் முழுகவில்லை. சீசனுக்கு இரண்டு மாசம் இருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். எனக்கு வேறு ஒன்றும் இல்லை அத்தை. எனக்கு அந்த வார்த்தை தெரியாது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆக்கங்கெட்டவளே! கோட்டிக்காரி! முழுகாம இருக்கேன்னு பட்டாசல்ல உக்காந்து சொல்லுதாளே! அந்தத் தொரசாணி வேற மண்டய மண்டய ஆட்டுதா!"

சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வெளியே போய்விடாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மூட்டையிலிருந்து சரிந்துவிடுவதுபோல் சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுகையும் கலந்துதான். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. சொன்னதை எல்லாம் சொல்லியாகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் அந்த இருட்டில் நெல் வாசனையில் இருந்தோம்.

"அப்படின்னா அன்னைக்கு அவ வயித்துல இருந்தது நீதான?" என்று மூடின முகத்தோடேயே கேட்டாள்.

"ஆமாம் அத்தை."

"அப்பம் நீ இந்த வீட்டுக்கு வாரது இது ரெண்டாந் தடவ."

வந்த காரியத்தைக் கேட்காமல் போனால் அது அப்பாவுக்குச் செய்கிற துரோகம். "அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்," என்றேன். "ஒரு தடவை வந்து போகலாமா என்று."

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். "அவனா கேக்கான்? எங்கிட்ட?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரட்டும். நாளைக்கே வரட்டும். ஆனா ஒத்தையில வரப்பிடாது. அவளக் கூட்டிட்டு வரணும். வாசப்படியில மொதக் காலு அவதான் வைக்கணும். நான் செம்புல தண்ணி வச்சுக்கிட்டு நிப்பேன்னு சொல்லு. அவ என்னய என்ன சொல்லித் திட்டினாலும் நின்னு கேட்டுக்கிடுவேன். அதையும் சொல்லு."

அத்தைக்குத் தெரியாது.

அவள் அம்மாவைப் பற்றி விசாரிக்காததற்கு அவளை எவ்வளவு கரித்தேன்! கேட்க வாய் கூசி, என் முகத்தைப் பார்க்க முடியாமல், நுங்கும் பதநீருமாகக் கொண்டுவந்து வைத்தவளை. கடல் தாண்டி இந்த வீட்டுக்குச் செய்தி சொல்ல ஆள் யார் இருந்தார்கள்? எங்களுக்குப் பழங்கதையாகிவிட்டது, அதனால் உலகத்துக்கே தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாறையைப் பார்த்து அருவி எங்கே என்று கேட்டதுகூட எனக்கு அத்தனை வெட்கமாக இல்லை.

"அம்மா இல்லை அத்தை," என்றேன். "நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே இறந்துபோயிட்டாங்க. காய்ச்சல்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். என்னைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டிப் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாளியை இறக்கித் தண்ணீர் இழுத்து, கட்டின சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றிக்கொண்டாள். வெயிலில் அந்தத் தண்ணீர் அவள் காலடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு விரிவுரையாளர் அம்மாளும் தோழியும் பின்கட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். உன் அத்தைக்கு வெயில் தாங்கவில்லையா என்று அந்த அம்மாள் பதறிப்போய் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

"ஏன் அத்தை இப்போ குளிக்கிறீங்கன்னு கேக்கிறாங்க," என்றேன்.

தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிய அவள் நிமிர்ந்தாள். "எங்க வீட்டுல ஒரு சாவுன்னு சொல்லு. சொந்தக்காரி செத்தா, கேட்டதும் தலையில தண்ணி ஊத்தணும்லா. நீ அன்னைக்கே ஊத்தியிருப்ப, நான் இன்னைக்குத்தான கேக்கேன். எந் தம்பி பொண்டாட்டி போயிட்டான்னு சொல்லு. தம்பி வாரான்னும் சொல்லு."

நான் சொன்னேன். விரிவுரையாளர் அம்மாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் வருந்துகிறேன், எப்போது இறந்தார் என்று கேட்டார்.

இப்போதுதான் என்றேன்.